விளக்கை அணைப்பதா, கணக்கைக் கேட்பதா?

சிக்கனம் பற்றிய உபதேசத்திற்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அரிசி விலை ஏறினால் குறைவாக உண்ணுங்கள் என்பர். பஸ் கட்டணம் ஏறினால் நடந்து செல்லுங்கள், தேகத்திற்கு நல்லது என்பர். மின்கட்டணம் ஏறினால் விளக்கை அணையுங்கள் என்பர். இவ்வாறு உபதேசிப்போர் யாவரும் மாளிகைவாசிகள் என்று எண்ணிவிட வேண்டாம். 2025ஆம் ஆண்டின் பிற்பாதியில், கொழும்பில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடி வீட்டில் அந்த உபதேசத்தைச் செய்தவன் நானே. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் பார்ப்பவன். தொழிற்சங்க மேடைகளில் விலைவாசியைப் பற்றி முழங்கிக் கைதட்டும் பெற்றவன். ஆகவே இக்கட்டுரையில் குற்றஞ் சாட்டப்படுவோரின் வரிசையில் என்னையும் முதலிலேயே நிறுத்திவிடுகிறேன். வாசகர்கள் பின்னர் தேடிக் கண்டுபிடிக்கும் சிரமம் வேண்டாம்.

வெள்ளவத்தையிலே, கடற்கரை வீதிக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், நான்காம் மாடியிலுள்ளது அந்த வீடு. மூன்று அறைகள், ஒரு பொது அடுக்களை, ஒரு குளியலறை. வாடகை தாங்காத காரணத்தால் ஒரு குடும்பத்திற்கென்று கட்டப்பட்ட வீட்டில் இன்று மூன்று பகுதியார் வாழ்கிறோம். முன்னறையில் ஓய்வுபெற்ற றெயில்வே எழுதுவினைஞர் ஒருவரும் அவர் மனைவியும். நடு அறையில் நானும் மனைவியும் மகனும். பின்னறை நெடுநாள் பூட்டிக் கிடந்தது. அதிலே புதிதாகக் குடிவந்தவர்கள் மலைநாட்டிலிருந்து படிக்க வந்த மூன்று பெண்பிள்ளைகள். ஆக, எட்டுப் பேர். மின்மானி ஒன்றே ஒன்று. அதுவும் கீழ்த்தளத்தில், பூட்டிய இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால். பட்டியல் வீட்டுக்காரரின் கைத்தொலைபேசிக்குச் செல்லும். அவர் மொத்தத் தொகையை மட்டும் எங்களுக்கு அறிவிப்பார். நாங்கள் பங்கிட்டுச் செலுத்துவோம்.

பிள்ளைகள் வருவதற்கு முந்திய மாதம் வந்த தொகை 3,040 ரூபா. இரு பகுதியாரும் பாதி பாதியாக, ஆளுக்கு 1,520 ரூபா கொடுத்தோம். அவர்கள் வந்த மாதத்தில் வந்த தொகை 10,260 ரூபா. மூன்றாகப் பிரித்தால் பங்குக்கு 3,420. சென்ற மாதம் இரண்டு பேர் தாங்கிய சுமையை இம்மாதம் மூன்று பேர் தாங்குகிறோம். ஆயினும் என் பங்கு குறையவில்லை, இரு மடங்கிற்கு மேல் ஏறியிருக்கிறது. எந்த நியாயத்தில்?

எழுதுவினைஞர் ஐயாவுக்கு அந்த நியாயம் உடனே புலப்பட்டுவிட்டது. அடுக்களை வாசலில் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்: "மாஸ்டர், அந்தப் பிள்ளையளின்ரை அறையிலை விடியுமட்டும் லைற் எரியுது. இப்பிடி எரிஞ்சால் பில் ஏறாமல் என்ன செய்யும்?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. புதிதாக வந்தவர்கள் அவர்கள். புதிதாக ஏறியது கட்டணம். இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டுவதற்குப் பெரிய தர்க்க சாஸ்திரம் வேண்டியதில்லை. அன்றிரவே அவர்களுள் மூத்த பிள்ளையை அழைத்து, மின்சாரம் எவ்வளவு அரிய பொருள், நாடு எத்தகைய நெருக்கடியில் இருக்கிறது, இளந்தலைமுறை சிக்கனத்தை எவ்வாறு பழக வேண்டும் என்றெல்லாம் வகுப்பறைக் குரலில் எடுத்துரைத்தேன். அவள் தலை நிமிரவில்லை. "சரிங்க சேர். இனிமே நாங்க வெளிய வராந்தாவுல உக்காந்து படிச்சுக்கிறோம்" என்றாள்.

சொன்னபடியே செய்தார்கள். மறுநாள் இரவு பதினொரு மணிக்கு நான் கதவைத் திறந்தபோது, மின்தூக்கிக்கு எதிரே, தொடர்மாடியின் பொது விளக்கின் கீழே, சீமெந்துத் தரையில் பழைய பத்திரிகையை விரித்து மூவரும் புத்தகங்களோடு அமர்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

ஒரு ஆசிரியனைக் கண்டு மாணவிகள் எழுந்து நிற்பது மரியாதை. படிக்க விடாமல் வெளியே அனுப்பியவனுக்கும் அதே மரியாதை கிடைத்தபோது எனக்குக் கால் கூசியது. அன்றுதான் நான் கணக்குப் போட உட்கார்ந்தேன். போதிப்பதற்கு முன்னர் போட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

முதலில் அந்த விளக்கின் கணக்கு. அவர்களது அறையில் எரிவது ஒன்பது வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ். ஆயிரம் வாற்று ஒரு மணி நேரம் எரிந்தால் ஓர் அலகு. ஒன்பது வாற்றுக் குமிழ் இரவுக்கு ஆறு மணி நேரமாக முப்பது இரவுகள் எரிந்தால் 1.62 அலகு. அந்த மாதம் எங்கள் வீட்டின் மொத்தப் பாவனை 240 அலகு. அதாவது நூற்றில் ஒரு பங்கு கூட அந்த விளக்கில் எரியவில்லை. அதே மாதம் ஐயாவின் மனைவிக்கு உடல்நலமில்லை. பகலிலும் மின்விசிறி சுழன்றது. என் மகனுக்கும் காய்ச்சல். எங்கள் அறையிலும் அவ்வாறே. எழுபத்தைந்து வாற்று மின்விசிறியொன்று நாளுக்கு ஒன்பது மணி நேரம் கூடுதலாகச் சுழன்றால் மாதத்திற்கு இருபது அலகு ஏறும். எங்கள் அறையின் பாவனை அறுபதிலிருந்து எண்பதுக்கு ஏறியதற்குக் காரணம் அதுதான். நோயாளிக்குக் காற்று வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேள்விகள் எல்லாம் பின்னறைக்கே சென்றன. அங்கே இருந்தவர்கள் இளையவர்கள், பெண்கள், புதியவர்கள், மலைநாட்டார். அநீதி எப்போதும் இறங்குமுகமாகவே வழி தேடும் என்று மேடையில் எத்தனை முறை பேசியிருப்பேன்! என் வீட்டு அடுக்களையில் அது என் வாய் வழியாகவே இறங்கியது.

இனி, கட்டணத்தின் கணக்கு. 2025 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த வீட்டுப் பாவனைக் கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். வரியை நீக்கிவிட்டே கூறுகிறேன். மாதம் 60 அலகுக்குள் பாவிக்கும் வீட்டிற்கு முதல் 30 அலகுக்கு அலகொன்று 4 ரூபா 50 சதம். அடுத்த 30 அலகுக்கு 8 ரூபா. நிலையான கட்டணம் 210 ரூபா. ஆகவே 60 அலகுக்கு 585 ரூபா. அறுபதைத் தாண்டி ஓர் அலகு பாவித்தால் இந்த மலிவுப் படிகள் இரண்டும் அப்படியே மறைந்துவிடும். முதலாவது அலகிலிருந்தே புதிய கணக்கு: முதல் 60 அலகுக்கு 12 ரூபா 75 சதம், 90 வரை 18 ரூபா 50 சதம், 120 வரை 24 ரூபா, 180 வரை 41 ரூபா, அதற்கு மேல் ஒவ்வொரு அலகும் 61 ரூபா. நிலையான கட்டணமும் படிக்குப் படி ஏறி, 180 அலகைத் தாண்டியவுடன் 2,100 ரூபாவாகி நிற்கும்.

இப்போது எங்கள் வீட்டைப் பாருங்கள். மூன்று பகுதியாரும் தலைக்கு 80 அலகு பாவித்தோம். தனித்தனி மின்மானி இருந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 1,535 ரூபா. மூவருக்கும் 4,605 ரூபா. ஒரே மின்மானியில் 240 அலகாகக் கூட்டிப் போட்டதால் 10,260 ரூபா. வித்தியாசம் 5,655 ரூபா. இந்த 5,655 ரூபாவுக்கு ஒரு துளி மின்சாரமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இதற்கென ஒரு விளக்கும் எரியவில்லை. ஒரு விசிறியும் சுழலவில்லை. தனி வீடு எடுக்க வசதியில்லாமல் மூன்று ஏழைப் பகுதியார் ஒரு கூரையின் கீழ் ஒதுங்கினோமே, அதற்கு நாங்கள் செலுத்திய தண்டம் இது.

பிள்ளைகளின் விளக்கை மீண்டும் இந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்போம். மிகக் கீழ்ப்படியிலுள்ள வீட்டில் அந்த 1.62 அலகின் விலை ஏழு ரூபா சொச்சம். எங்கள் வீட்டின் உச்சப்படியில் அதே விளக்கு, அதே வெளிச்சம், அதே பாடப்புத்தகம். விலை கிட்டத்தட்ட 99 ரூபா. விளக்கை அணைக்கச் சொல்லும் உபதேசியார் இந்தப் பதின்மூன்று மடங்கு வித்தியாசத்தை எந்த ஒழுக்க நூலைக் கொண்டு விளக்குவார்?

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். அதை நம்மவரே எழுப்புவர். "கூடுதலாகப் பாவிப்பவன் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்பது முற்போக்கான கொள்கையல்லவா? படிமுறைக் கட்டணத்தை எதிர்ப்பது பணக்காரனின் வாதமல்லவா?" என்பார்கள். கொள்கையை நான் எதிர்க்கவில்லை. குளிரூட்டிய அறைகள் நான்கைந்து கொண்ட மாளிகைக்காரன் உச்ச விலை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் மின்மானிக்கு மாளிகையையும் தெரியாது, நெரிசலையும் தெரியாது. அது அலகை எண்ணும், ஆளை எண்ணாது. தனக்கென்று வீடும் மின்மானியும் உள்ள தம்பதியர் மாதம் 60 அலகு பாவித்தால், ஆளுக்கு 30 அலகு. கட்டணம் ஆளுக்கு 292 ரூபா 50 சதம். எங்கள் வீட்டில் எட்டுப் பேர் 240 அலகு பாவித்தோம். இங்கும் ஆளுக்கு 30 அலகே. கட்டணமோ ஆளுக்கு 1,282 ரூபா 50 சதம். ஒரே அளவு பாவனைக்கு நான்கு மடங்கிற்கு மேல் விலை! செல்வரைப் பிடிப்பதற்கென விரித்த வலையில், நெருங்கி வாழ்வதால் செல்வரைப் போலத் தோற்றமளிக்கும் ஏழை அகப்படுகிறான். வலையை விரித்தவரோ அவனைப் பார்த்து, "நீ ஊதாரி" என்கிறார்.

இரண்டாவது ஆட்சேபம் மேலிடத்திலிருந்து வருவது. செலவைப் பிரதிபலிக்கும் கட்டணம் வேண்டும், இல்லாவிடில் மின்சார சபை கடனில் மூழ்கும், நாடு மீண்டும் இருளில் விழும் என்பது அது. இருள் எப்படியிருக்கும் என்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். 2022ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி 23இல் ஆரம்பமானபோது, மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்ட பின்னரும், மாலை வேளைகளில் மின்வெட்டுத் தொடர்ந்ததையும் கண்டோம். நம் மாணவர்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் சூத்திரங்களை மனனஞ் செய்தார்கள். செலவுக்குப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. யாரிடமிருந்து முதலில் எடுத்தார்கள் என்பதே என் கேள்வி.

2022 ஆகஸ்டிற்கு முன்னர் மாதம் 30 அலகு பாவித்த வீடு செலுத்தியது 105 ரூபா. 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்த்தப்பட்டது. சராசரி என்ற சொல் மிகவும் அடக்கமானது. அது எவரையும் முகம் பார்த்துப் பேசாது. அந்த இரண்டு உயர்வுகளின் பின்னர் அதே 30 அலகுக்கு, அதே வீடு செலுத்த வேண்டியிருந்தது 1,300 ரூபா. பன்னிரண்டு மடங்கிற்கு மேல்! அதே காலத்தில் மாதம் 200 அலகு பாவித்த வீட்டின் கட்டணம் இரண்டரை மடங்கு கூட ஏறவில்லை. முன்பு ஏழைகளுக்குக் கொடுத்த விலை உற்பத்திச் செலவிலும் குறைந்தது என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பள்ளத்தை நிரப்பப் புறப்பட்டவர்கள் பள்ளத்தில் நின்றவனின் தோளிலிருந்தே மண்ணை வெட்டினார்கள் என்பதும் உண்மை.

சிக்கனம் பேசுவோர் இன்னொன்றையும் கவனிக்கட்டும். அந்த 1,300 ரூபாவில் 400 ரூபா நிலையான கட்டணம். முன்பு அது 30 ரூபா. நிலையான கட்டணம் என்பது நீங்கள் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருளில் உட்கார்ந்திருந்தாலும் செலுத்த வேண்டிய பணம். சிக்கனத்தால் தப்ப முடியாத ஒரு கட்டணத்தை விதித்துவிட்டுச் சிக்கனமாக இருங்கள் என்பது, குடையைப் பறித்துக்கொண்டு நனையாதீர்கள் என்பதைப் போன்றது.

பின்னர் கட்டணம் இறங்கவே இல்லையா? இறங்கியது. 2023 ஜூலையில் குறைத்தார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் 18 வீதம் உயர்த்தினார்கள். 2024இல் இரு முறை குறைத்தார்கள். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள். ஜூனில் 15 வீதம் உயர்த்தினார்கள். 2025 ஜூன் அட்டவணைப்படி 30 அலகு வீட்டிற்கு 215 ரூபா. 2022இன் தொடக்கத்தில் இருந்ததைவிட இரு மடங்கு. 200 அலகு வீட்டிற்கோ ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேல். புயல் ஓய்ந்த பின்னரும் சாய்வு அதே பக்கமாகவே இருக்கிறது. இடையிலே, 2023 மார்ச்சில், சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு அங்கீகாரம் வழங்கியது. மின்சாரத்தின் விலை அதன் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்பது அந்தக் கடனோடு கூடிய நிபந்தனைகளில் ஒன்று. வெள்ளவத்தையில் ஒரு நான்காம் மாடி அடுக்களையில் எட்டுப் பேர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பதற்கும் தூரதேசத்து மாநாட்டு மண்டபமொன்றில் எழுதப்பட்ட நிபந்தனைக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பைப் பார்க்கத் தெரியாவிட்டால் நாம் படித்த அரசியற் பொருளாதாரம் எதற்கு?

நம் முன்னோருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அன்றைய குடும்பத் தலைவிகள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பிடி கூடுதலாக உலையிலிட்டாள் என்று சண்டைக்குப் போகவில்லை. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தால் அனுஷ்டித்தது. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய்க் கூட வேண்டியதாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். விலை என்பது அரசியல் என்று எழுத்தறியாத மூட்டை சுமப்பவனுக்கும் அன்று விளங்கியது. பட்டதாரி ஆசிரியனாகிய எனக்கு, என் வீட்டுக் கட்டணம் என் மாணவி வயதுப் பிள்ளையொருத்தியின் படிப்பு விளக்காகத் தெரிந்தது.

இந்த மாற்றம் தற்செயலானதா? பங்கீட்டு அரிசிக்கு நாடெங்கும் ஒரே விலை. ஏறியபோது எல்லோருக்கும் ஒன்றாக ஏறியது. எல்லோரும் ஒன்றாக எதிர்த்தார்கள். மின்பட்டியலோ வீட்டுக்கு வீடு வேறு தொகை காட்டுகிறது. படிகளும் பிரிவுகளும் நிலையான கட்டணமும் சேர்ந்து, ஒவ்வொருவனும் தன் தொகை தன் குற்றத்தால் வந்தது என்று எண்ணும்படி செய்கின்றன. அயலவனின் தொகை குறைவென்றால் அவன் யோக்கியன். நம் தொகை கூடியதென்றால் நம் வீட்டில் யாரோ கள்வன். கள்வனைத் தேடி நாம் நம் அறைகளுக்குள்ளேயே அலைகிறோம். இதற்கென்று எவரும் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சதி செய்திருந்தாலும் இதைவிடச் சிறப்பாக அமைத்திருக்க முடியாது என்றே சொல்கிறேன்.

வீட்டுக்காரரை இக்கதையின் வில்லனாக்கவும் எனக்கு மனமில்லை. அவர் வந்த தொகையைத்தான் எங்களிடம் கேட்டார். தம் பங்குக்கு ஒரு சதமும் ஏற்றவில்லை. வேறு இடங்களில் அறைக்கறை சிறு உபமானி பூட்டி, அலகுக்கு உச்சப்படி விலையையே வாங்கி மிச்சம் பிடிப்போர் உண்டு. எங்களவர் அப்படியல்லர். ஆயினும் பட்டியலில் உள்ள பெயர் அவருடையது. நான் காரியாலயத்திற்குச் சென்று விளக்கம் கேட்டபோது, அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே சொன்னார்: கணக்கு உங்கள் பெயரில் இல்லையே, உரிமையாளர் வரட்டும். கட்டணத்தைச் செலுத்துபவன் நான்; பாவனையாளர் அவர்! கொழும்பில் அறை எடுத்துத் தங்கும் ஆயிரமாயிரம் தொழிலாளர், மாணவர், சிறு உத்தியோகத்தர் யாவரும் இந்த விதத்தில் பெயரில்லாதவர்கள். மின்சாரம் அவர்களைக் கடந்து செல்கிறது; பணம் அவர்களிடமிருந்து செல்கிறது; பதிவேட்டில் மட்டும் அவர்கள் இல்லை.

கணக்குப் போட்ட மறுநாள் அந்தப் பிள்ளைகளிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் மூத்தவளின் ஊர் மஸ்கெலியாப் பக்கம் என்று அறிந்தேன். கேட்டதும் ஒரு கணம் பேச்சு வரவில்லை. மஸ்கெலியா எந்த இடம்? 1918இலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று எடுத்துரைத்தார். 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதன் கோயில்களோடு நீரில் மூழ்கியது. நீர் வற்றும் காலங்களில் இன்றும் அவை தலைகாட்டும். அங்கே தேங்கும் நீர்தான் கெனியனிலும் புதிய லக்சபானவிலும் மின்பொறிகளைச் சுழற்றி, கம்பி வழியே கொழும்புக்கு வருகிறது. ஒரு நகரத்தைத் தாரை வார்த்து நமக்கு வெளிச்சம் தந்த மண்ணின் பிள்ளையை, வெளிச்சத்தை வீணாக்குகிறாய் என்று கண்டித்து வெளியே இருத்தியிருக்கிறேன்! அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "எங்க லயத்துலயும் கரண்ட் பில்லுக்கு இதே சண்டதான் சேர்" என்று மட்டும் சொன்னாள்.

செய்ய வேண்டியது என்ன? கண்ணீர் வடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. எம்மிடம் திட்டமான கோரிக்கைகள் உண்டு.

முதலாவது, வாடகைக் குடியிருப்பாளரிடம் மின்கட்டணம் அறவிடும் எவரும் முழுப் பட்டியலையும், அலகுக் கணக்கோடு, அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டமாக வேண்டும். தொகையை மட்டும் அறிவித்தல் கூடாது. மின்மானியைப் பார்க்கும் உரிமையும், முறையிடும் உரிமையும் கட்டணம் செலுத்துபவனுக்கு இருக்க வேண்டும்.

இரண்டாவது, படிகள் மின்மானிக்கு உரியனவாக அன்றி, வாழும் குடும்பத்திற்கு உரியனவாக வேண்டும். தனி இணைப்புக் கொடுக்கக்கூடிய இடத்தில் எளிய செலவில் கொடுக்கட்டும். கொடுக்க இயலாத இடத்தில், ஒரு மின்மானியில் மூன்று குடும்பம் வாழ்கின்றது என்று கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினால், அந்த வீட்டின் படி எல்லைகளை மூன்றால் பெருக்கட்டும். அவ்வாறு செய்திருந்தால் எங்களுக்கு வந்திருக்க வேண்டியது 10,260 அன்று. அதன் பாதியிலும் குறைவு. இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு பெருக்கற் கணக்கு போதும்.

மூன்றாவது, கட்டணம் உயரும் நாளில் உயர்வு மேற்படியிலிருந்து தொடங்க வேண்டும். கீழ்ப்படியின் நிலையான கட்டணத்தில் கை வைத்தல் கூடாது. சராசரி வீதத்தை மட்டும் அறிவித்து மறைந்துகொள்ளாமல், 30 அலகு வீட்டிற்கு எத்தனை மடங்கு, 200 அலகு வீட்டிற்கு எத்தனை மடங்கு என்று பக்கத்தில் பக்கமாக வெளியிட வேண்டும்.

நான்காவது கோரிக்கை நம்மை நோக்கியது. ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசுகின்றன. மாணவர் அமைப்புகள் விடுதி இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. சம்பளத்தின் ஒரு பகுதி பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னால் கரைவதையும், பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறையெடுத்துத் தங்கும் மாணவர்கள் ஒரே மின்மானியில் உச்சப்படி விலை கொடுப்பதையும் எந்தச் சங்கத்தின் தீர்மானத்திலும் நான் கண்டதில்லை. உலக நிலைமையை அலசும் நமது கருத்தரங்குகள் சிறப்பானவை. அவை முடிந்து வீடு திரும்பும் தோழர் அடுத்த அறைக்காரனோடு மின்விசிறிக்காகச் சண்டையிடுவாராயின், அந்த அலசல் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை என்றே பொருள்.

எங்கள் வீட்டில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். காவலாளியிடம் கேட்டு, ஞாயிறுதோறும் கம்பிக் கதவைத் திறப்பித்து மின்மானியை வாசிக்கிறோம். வாசித்ததை அடுக்களைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுகிறோம். எழுதும் பொறுப்பை எழுதுவினைஞர் ஐயா தாமாகவே ஏற்றுக்கொண்டார். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தின் ஒழுங்கு அந்தத் தாளில் தெரிகிறது. அவரே ஒரு நாள் பின்னறைக் கதவைத் தட்டி, "பிள்ளையள், உள்ளுக்கு இருந்து படியுங்கோ. வெளியிலை நுளம்பு" என்று சொல்லியிருக்கிறார். தனி மின்மானிக்கு விண்ணப்பிக்குமாறு வீட்டுக்காரருக்கு எட்டுப் பேரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். என் மகனும் கோணல் எழுத்தில் கையெழுத்து வைத்தான். பதில் இன்னும் வரவில்லை. இரண்டாம் மாடியிலும் இதே நிலையில் இரண்டு வீடுகள் இருப்பதாக அறிந்து, அவர்களையும் சந்தித்தோம். அடுத்த கடிதத்தில் கையொப்பங்கள் எட்டோடு நில்லா.

இதைப் படிக்கும் ஆசிரியரும் மாணவரும் இம்மாதத் தொகை அறிவிக்கப்பட்டதும் விளக்கை அணைக்க ஓடாதிருப்பார்களாக. அந்த விளக்கின் கீழேயே அமர்ந்து, படி படியாகக் கூட்டிப் பாருங்கள். கூட்டி முடித்ததும் அடுத்த அறையின் கதவைத் தட்டுங்கள். நான் தட்டியது போலக் குற்றஞ் சாட்டுவதற்காக வேண்டாம். அந்தத் தாளை அவர்களிடம் காட்டுவதற்காகத் தட்டுங்கள்.